ஏழைக்கும் ரைபிள் கேட்ட ராபர்ட்ஸ் பிரபு

ஆள் குள்ளம். ஐந்தடிக்குச் சற்று மேல்தான் உயரம். குழந்தைப் பருவத்தில் வந்த மூளைக் காய்ச்சலால் வலது கண்ணில் பார்வை போய்விட்டது. அப்படிப்பட்டவர் ஆங்கிலேய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். காபூலிலும், காந்தகாரிலும், தென்னாப்பிரிக்காவிலும் போர் நடத்தினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் ஓய்ந்திருக்கவில்லை. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும், பள்ளி மாணவனும் குறி பார்த்துச் சுடப் பழக வேண்டும், அதற்கு அவர்கள் சக்திக்கு எட்டும் விலையில் ஒரு சிறு ரைபிள் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

அவர்தான் ராபர்ட்ஸ் பிரபு. சிப்பாய்கள் அவரைச் செல்லமாக பாப்ஸ் என்று அழைத்தார்கள்.

தமிழர்களுக்கு அவருடைய வரலாறு வேறொரு விதத்திலும் முக்கியமானது. மதராஸ் ராணுவத்தின் தளபதியாக நான்கு ஆண்டுகள் இருந்தவர் அவர். தமிழர்களும் தெலுங்கர்களும் போருக்கு ஏற்றவர்கள் அல்ல என்று தீர்ப்பு எழுதியவரும் அவரே.

பயிற்சியால் எவனும் குறிகாரன் ஆகலாம் என்று ஒரு நாட்டில் நம்பியவர், வீரம் பிறப்பில் வருவது என்று இன்னொரு நாட்டில் நம்பினார். அந்த முரண்பாடுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

கான்பூரில் பிறந்தவர்

பிரடெரிக் ஸ்லே ராபர்ட்ஸ், 1832-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி கான்பூரில் பிறந்தார். தந்தை ஆபிரகாம் ராபர்ட்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் அதிகாரி. இரண்டு வயதில் குழந்தையை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஈட்டன் பள்ளியிலும், சாண்டர்ஸ்ட், அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரிகளிலும் படித்தார்.

1851-ம் ஆண்டின் கடைசியில் வங்காளப் பீரங்கிப் படையில் அவருக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 19.

ஐந்தே ஆண்டுகளில் 1857-ம் ஆண்டுப் புரட்சி மூண்டது. ராபர்ட்ஸ் டில்லி முற்றுகையில் இருந்தார். லட்சுமணபுரியை மீட்கச் சென்ற படையிலும் இருந்தார்.

1858-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி குதாகஞ்ச் என்ற இடத்தில் ஒரு சண்டை நடந்தது. புரட்சிச் சிப்பாய்கள் இருவர் தங்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குள் போனார்கள். ராபர்ட்ஸ் குதிரையில் விரட்டிச் சென்று கொடியைப் பிடித்தார். ஒரு சிப்பாய் துப்பாக்கியை அவர் உடலுக்கு அருகே நீட்டி விசையை இழுத்தான். துப்பாக்கி வெடிக்கவில்லை. ராபர்ட்ஸ் பிழைத்தார்.

மருந்து பற்றியிருந்தால் அவர் வரலாறு அன்றே முடிந்திருக்கும். அன்றைய செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது.

காபூலிலிருந்து காந்தகாருக்கு

அவரை உலகம் அறியச் செய்தது ஆப்கானிஸ்தான். 1879-ம் ஆண்டு செப்டம்பரில் காபூலில் ஆங்கிலத் தூதர் கவாக்னரி கொல்லப்பட்டார். பழி வாங்கச் சென்ற படைக்கு ராபர்ட்ஸ் தலைவர். காபூலைப் பிடித்ததும் பலரைத் தூக்கிலிட்டார். அந்தத் தண்டனைகளை இங்கிலாந்திலேயே பலர் கண்டித்தார்கள்.

மறு ஆண்டு ஜூலையில் மைவாண்ட் என்ற இடத்தில் ஓர் ஆங்கிலப் படை தோற்றது. மிச்சம் இருந்தவர்கள் காந்தகார் கோட்டைக்குள் முடங்கினார்கள். அவர்களை மீட்க ராபர்ட்ஸ் காபூலிலிருந்து புறப்பட்டார். ஏறக்குறைய 10 ஆயிரம் வீரர்கள். சுமார் 500 கிலோ மீட்டர் தூரம். ஆகஸ்டு மாத வெயில். 9-ந் தேதி கிளம்பிய படை 31-ந் தேதி காந்தகாரை அடைந்தது. மறுநாளே போர் நடந்து அயூப்கானின் சேனை முறிந்தது.

அந்தப் படையில் ஸ்காட்லாந்துக்காரர்களோடு தோளோடு தோள் நின்றவர்கள் சீக்கியர்களும் கூர்க்காக்களும். அந்தக் காட்சி ராபர்ட்ஸ் மனதில் ஆழமாகப் பதிந்தது. இந்தியச் சிப்பாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலை அவர் அங்கே எடுத்துக்கொண்டார். அந்த அளவுகோலோடுதான் அவர் தெற்கே வந்தார்.

மதராஸ் தளபதி

1881-ம் ஆண்டு நவம்பரில் ராபர்ட்ஸ் மதராஸ் ராணுவத்தின் தளபதி ஆனார். கோடையில் உதகமண்டலத்தில் தங்குவார். மற்ற நாட்களில் பாளையங்கள்தோறும் சுற்றுப்பயணம். பெங்களூர் அப்போது மதராஸ் ராணுவத்தின் பெரிய பாளையங்களில் ஒன்று. அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அந்தக் காலத்துப் பட்டாளத்தில் இருந்தவர்கள்தான்.

அவர் முதலில் கவனித்தது துப்பாக்கிப் பயிற்சியை. சிப்பாய்கள் அணிவகுப்பில் மிடுக்காக நடந்தார்கள். ஆனால் குறி பார்த்துச் சுடுவதில் அவர் எதிர்பார்த்த தரம் இல்லை.

அவருக்கு உதவியாளராக வந்த இளம் அதிகாரி அயன் ஹாமில்டன் இந்த விஷயத்தில் வெறி பிடித்தவர். அதற்குக் காரணம் உண்டு. 1881-ம் ஆண்டு பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் மஜூபா மலையில் போயர் விவசாயிகள் ஆங்கிலப் படையைச் சிதறடித்தார்கள். மறைவிலிருந்து ஒவ்வொரு குண்டாகக் குறி வைத்துச் சுட்டார்கள். அங்கே ஹாமில்டனின் இடது மணிக்கட்டு நொறுங்கியது. அணிவகுப்பு அழகைவிடக் குறி பெரிது என்பதை அவர் தம் உடலில் பட்ட காயத்தால் கற்றவர்.

ஹாமில்டன் சொல்வதில் நியாயம் இருப்பதை ராபர்ட்ஸ் ஒப்புக்கொண்டார். உத்தரவு போட்டதோடு நிற்கவில்லை. ஐம்பதை எட்டிய வயதில், தாமே ரைபிளை எடுத்துச் சுடப் பழகினார். தம் பரிவாரத்து அதிகாரிகளை ஓர் அணியாகச் சேர்த்துப் போட்டிகளில் இறங்கினார். தளபதியே சுடும் திடலுக்கு வருகிறார் என்றால் கீழே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? பயிற்சி சூடு பிடித்தது.

பழகினால் வரும் என்ற பாடத்தை அவர் கற்றது மதராஸ் ராணுவத்தில் இருந்தபோதுதான்.

தெற்குக்கு ஒரு தீர்ப்பு

ஆனால் அதே மதராஸ் சிப்பாய்களைப் பற்றி அவர் வேறு முடிவுக்கு வந்தார். தெற்கில் வெகு காலமாகப் போர் இல்லை. பழைய வீர உணர்வு மங்கிவிட்டது. வடக்கே உள்ள கூர்க்கா, சீக்கியர், பட்டாணியர் போன்றவர்களோடு இவர்களை ஒப்பிட முடியாது என்று எழுதினார். 1897-ம் ஆண்டு வெளியான அவருடைய சுயசரிதையில் இந்தக் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்.

இந்த மதராஸ் பட்டாளம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அஸ்ஸேயிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டது. இடையில் நெடுங்காலம் பாளையத்திலேயே உட்கார வைக்கப்பட்டது. பயிற்சி குறைந்ததும், வடக்கே கிடைத்த போர் வாய்ப்புகள் இங்கே கிடைக்காததும் யார் குற்றம்? ராபர்ட்ஸ் அந்தக் கேள்வியை அதிகம் கேட்கவில்லை. இனத்தின் குறை என்று முடித்துவிட்டார்.

1885-ம் ஆண்டு நவம்பரில் அவர் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதி ஆனார். 1893-ம் ஆண்டு வரை அந்தப் பதவியில் இருந்தார். அவருடைய கருத்து இப்போது சட்டம்போல் ஆயிற்று. 1890-க்கும் 1893-க்கும் இடையில் மதராஸ் காலாட்படையில் ஏழு பிரிவுகள் பர்மாப் பட்டாளங்களாக மாற்றப்பட்டன. பெயரில் மதராஸ் எண் இருந்தது. ஆட்களோ வடக்கே இருந்து வந்தவர்கள். தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் பட்டாள வேலை குறைந்துகொண்டே போயிற்று.

இந்தியர்களைப் பெரிய அதிகாரிகளாக நியமிக்கும் யோசனை வந்தபோதும் அவர் எதிர்த்தார்.

அப்போது பொதுமக்களின் நிலை என்ன? 1878-ம் ஆண்டு வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியன் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1887-ம் ஆண்டு மதராஸில் கூடிய காங்கிரஸ் மகாசபை இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பலன் இல்லை.

மகனின் மரணம்

1899-ம் ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் மறுபடியும் போயர் போர் வெடித்தது. டிசம்பர் மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் ஆங்கிலப் படை தோற்றது. கடைசித் தோல்வி 15-ந் தேதி கொலன்சோவில்.

அங்கே எதிரியின் குண்டு மழையில் சிக்கிய பீரங்கிகளை இழுத்து வரச் சிலர் துணிந்து சென்றார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினென்ட் பிரெடி ராபர்ட்ஸ். தளபதியின் மகன். குண்டுக் காயங்களோடு விழுந்தவர் இரண்டு நாளில் இறந்தார். அவருக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தந்தையும் மகனும் அந்த விருதைப் பெற்ற மிகச் சில குடும்பங்களில் அவர்கள் குடும்பம் ஒன்று.

தென்னாப்பிரிக்காவுக்குத் தலைமை தாங்கிப் போகுமாறு அரசாங்கம் ராபர்ட்சைக் கேட்டுக்கொண்ட அதே வேளையில்தான் மகன் இறந்த செய்தியும் வந்தது. அவருக்கு வயது 67. துக்கத்தை விழுங்கிக்கொண்டு டிசம்பர் 23-ந் தேதி கப்பல் ஏறினார்.

இங்கே இந்தியர்கள் மறக்கக் கூடாத ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் போரில் காயம்பட்டவர்களைச் சுமக்க காந்திஜி ஓர் இந்தியப் படையைத் திரட்டியிருந்தார். ஏறக்குறைய 1,100 பேர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும்தான்.

ராபர்ட்சின் மகனுடைய உடலைப் போர்க்களத்திலிருந்து சுமந்து வந்த பெருமை அந்த இந்தியப் படைக்குக் கிடைத்தது என்று காந்திஜி தம் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக நூலில் குறித்திருக்கிறார். கொளுத்தும் வெயில். எல்லோருக்கும் தாகம். வழியில் ஒரு சிற்றோடை. முதலில் யார் குடிப்பது என்பதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியர்களுக்கும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் போட்டியே நடந்ததாம்.

போருக்கு லாயக்கில்லை என்று தந்தை ஒதுக்கிய மண்ணின் மக்கள், மகனைப் போர்க்களத்திலிருந்து சுமந்து வந்தார்கள்.

போயர் கற்பித்த பாடம்

ராபர்ட்ஸ் தென்னாப்பிரிக்காவில் போரின் போக்கை மாற்றினார். 1900-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி போயர் தளபதி குரோன்ஜே சரணடைந்தார். மார்ச்சில் புளோயம்பான்டெயின், ஜூன் 5-ந் தேதி பிரிட்டோரியா என்று தலைநகரங்கள் வீழ்ந்தன.

இருண்ட பக்கமும் உண்டு. போயர் பண்ணை வீடுகளை எரிக்கும் வேலை அவர் காலத்திலேயே தொடங்கியது. அவருக்குப் பின் கிச்சனர் தலைமையில் அது பெருகியது. தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 26 ஆயிரம் பேர் நோயில் மடிந்தார்கள். கறுப்பின மக்களுக்கான முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

1901-ம் ஆண்டின் தொடக்கத்தில் ராபர்ட்ஸ் நாடு திரும்பினார். பட்டமும் பரிசும் குவிந்தன. ஆனால் அவர் மனதை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. விவசாயிகளான போயர்கள் இத்தனை நாள் ஒரு பேரரசை எதிர்த்து நின்றது எப்படி? சிறு வயது முதலே அவர்கள் கையில் ரைபிள் இருந்தது. தினமும் சுட்டுப் பழகியவர்கள். இங்கிலாந்தின் நகரத்துப் பையனோ பட்டாளத்தில் சேரும் நாள் வரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

தொழிலாளியின் சங்கடம்

சுடப் பழகு என்று சொல்வது எளிது. எங்கே பழகுவது? எதைக் கொண்டு பழகுவது?

அப்போது பட்டாளத்தில் இருந்தது பாயிண்டு 303 ரைபிள். அதன் குண்டு மைல் கணக்கில் பறக்கும். அதற்கென்று பரந்த திடல், உயரமான மண்மேடு, காவல் எல்லாம் வேண்டும். பிஸ்லி போன்ற பெரிய திடல்கள் நகரத்திலிருந்து தொலைவில் இருந்தன. ரயில் கட்டணம் வேறு. தோட்டாவின் விலையும் கூடுதல். தொழிலாளிக்கு ஓய்வு என்றால் சனிக்கிழமை அரை நாளும் வேலை முடிந்த மாலை நேரமும்தான். குளிர் காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

இதற்கு விடையாக வந்ததுதான் பாயிண்டு 22 சிறு ரைபிள். மினியேச்சர் ரைபிள் என்பது அன்றைய பெயர்.

இதன் தோட்டாவை ரிம்பயர் தோட்டா என்பார்கள். பெரிய தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே தனியாக ஒரு சிறு மூடி இருக்கும். அதில்தான் தீப்பற்றும் மருந்து. ரிம்பயர் தோட்டாவில் அந்தத் தனி மூடி கிடையாது. கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே அந்த மருந்து பரவி இருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். தகடு மெல்லியதாக இருப்பதால் அதிக வேகம் தாங்காது. ஆனால் செய்வது சுலபம். விலை குறைவு.

பாயிண்டு 22 லாங் ரைபிள் தோட்டா 1887-ம் ஆண்டு அமெரிக்காவில் வந்தது. குண்டின் குறுக்களவு சுமார் 5.6 மில்லி மீட்டர். எடை இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம். தோளில் உதை இல்லை. சத்தமும் குறைவு. 25 கஜ தூரத்தில், ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்திலோ, கிடங்கிலோ, இரும்புத் தகடு பொருத்தி விளக்கு வெளிச்சத்தில் சுடலாம். மழையும் இருட்டும் தடை இல்லை.

1901-ம் ஆண்டு மேஜர் ஜெனரல் லூவர்ட் என்பவரின் முயற்சியால் உழைக்கும் மக்களின் ரைபிள் கிளப்புகளுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. 1903-ம் ஆண்டு அது இன்னொரு அமைப்புடன் இணைந்து, மினியேச்சர் ரைபிள் கிளப்புகளின் சங்கம் ஆனது. ராபர்ட்ஸ் அதன் தலைவராக இருந்து வளர்த்தார். 1904-ம் ஆண்டு அவர் வகித்த தலைமைத் தளபதி பதவியே ரத்து செய்யப்பட்டது. அதன் பிறகு இந்தப் பணியில் முழு மூச்சாக இறங்கினார். 1905-ம் ஆண்டு பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

எந்த ரைபிளை வாங்குவது?

கிளப்பு தொடங்கியவுடன் எழுந்த முதல் கேள்வி இதுதான். கையில் இருக்கும் பணமோ குறைவு.

முதல் வழி, பழையதை மாற்றுவது. பட்டாளம் கழித்துவிட்ட மார்ட்டினி துப்பாக்கிகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரிய குழலை எடுத்துவிட்டோ, அதற்குள் சிறு குழலைப் பொருத்தியோ, ஊசி தோட்டாவின் விளிம்பில் படும்படி திருத்தி பாயிண்டு 22 ஆக்கினார்கள். செலவு குறைவு. ஆனால் வேலை செய்தவரின் கைத்திறனைப் பொறுத்துத் தரம் மாறும்.

இரண்டாவது வழி, 1906-ம் ஆண்டு வந்த போர் இலாகா மாதிரி மினியேச்சர் ரைபிள். பட்டாள ரைபிளின் சாயலில் போல்ட் வைத்தது. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வேண்டும். மலிவாகவும், நாளை பட்டாளத்துக்குப் போனால் கைக்குப் பழக்கமாகவும் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

மூன்றாவது, பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி பந்தயத்துக்கென்றே செய்த மார்ட்டினி ரைபிள். அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் பி.எஸ்.ஏ. அம்பத்தூரில் தயாரான பி.எஸ்.ஏ. சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போன தமிழர் எத்தனையோ பேர். அந்தப் பெயர் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அதன் பழைய சின்னமே மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய உருவம்தான்.

மார்ட்டினியில் போல்ட் இல்லை. கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதைத் தாழ்த்தினால் உள்ளே ஒரு கட்டி இறங்கி வழி விடும். தோட்டாவை வைத்து நெம்புகோலை மூடினால் தயார். விசையை இழுத்ததற்கும் ஊசி அடிப்பதற்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு. அந்தக் கண நேரத்தில் கை அசைந்து குறி தவறும் வாய்ப்பும் அதனால் குறைவு. பந்தயக்காரர்கள் மெல்ல மெல்ல இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு வாதம் மூண்டது. நாட்டுக்குச் சிப்பாய்களைத் தயாரிப்பது நோக்கமா, நல்ல விளையாட்டு வளர்வது நோக்கமா? முதல் கட்சி பட்டாளச் சாயல் வேண்டும் என்றது. இரண்டாவது கட்சி துல்லியம் வேண்டும் என்றது. காலப்போக்கில் துல்லியமே வென்றது.

பணத்தை எதில் போடுவது என்பதிலும் அன்றைய கிளப்புக்காரர்களுக்குத் தெளிவு இருந்தது. கட்டையில் வேலைப்பாடு தேவையில்லை. குழல் நேர்த்தியாக இருக்க வேண்டும். விசை இழுக்கும்போது கரகரப்பு இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும். பின்குறியைச் சிறிது சிறிதாக நகர்த்த வசதி இருக்க வேண்டும். துப்பாக்கி சுடுபவரின் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்த வேண்டும். இந்த நான்கும் இருந்தால் போதும்.

பழைய ரைபிளை வாங்குவோர் முதலில் குழலின் உட்புறத்தைப் பார்த்தார்கள். அந்தக் காலத் தோட்டா மருந்தில் இருந்த உப்பு, குழலை வெகு சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்யும். சுட்டு முடித்த அன்றே துடைத்து எண்ணெய் போடாவிட்டால் நல்ல ரைபிளும் சில மாதங்களில் வீண்.

ரைபிளைத் தனி ஆள் வாங்க வேண்டியதும் இல்லை. கிளப்பு இரண்டு மூன்று ரைபிள் வாங்கும். உறுப்பினர்கள் முறை வைத்துச் சுடுவார்கள். தோட்டாக் காசு மட்டும் அவரவர் தருவார்கள். மீதிப் பணமெல்லாம் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் போகும். விலை உயர்ந்த ரைபிளை வைத்துக்கொண்டு மாதம் பத்துத் தோட்டா சுடுபவனைவிட, சாதாரண ரைபிளில் வாரம் ஐம்பது சுடுபவன் முன்னேறுவான். தோட்டாவிலும் ஒவ்வொரு ரைபிளுக்கு ஒவ்வொரு வகை ஒத்துப்போகும். நாலைந்து வகையைச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போவதை அறிந்து அதையே வாங்குவது நல்லது.

இந்த அறிவுரைகள் இன்றும் பொருந்தும். 50 மீட்டர் பந்தயத்தில் நடுப்புள்ளியின் குறுக்களவு 10.4 மில்லி மீட்டர்தான். அதைத் தொடுவது குழலும் தோட்டாவும் பொருந்துவதையும், சுடுபவரின் நிதானத்தையும் பொறுத்தது.

1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சிறு ரைபிள் பந்தயங்கள் இடம் பெற்றன. தனிநபர் பந்தயங்கள் மூன்றிலும், அணிப் பந்தயத்திலும் பிரிட்டன் தங்கம் வென்றது.

கடைசிப் பயணம்

ராபர்ட்சை எல்லோரும் புகழவில்லை. ஜெர்மனியோடு போர் வரும், எல்லா இளைஞர்களுக்கும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்று அவர் ஓயாமல் பேசினார். தொழிற்கட்சியினரும் லிபரல்களில் பலரும் அவரைப் போர் வெறியர் என்று கண்டித்தார்கள். கிளப்பில் சுடச் சென்ற தொழிலாளி விளையாட்டாகச் சென்றான். அவனை அங்கே அழைத்த கிழவரின் கண் போர்க்களத்தில் இருந்தது. இரண்டும் உண்மை.

1914-ம் ஆண்டு ஆகஸ்டில் அவர் சொன்ன போர் வந்தது. இந்தியச் சிப்பாய்கள் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய சகாக்களைப் பார்க்க வேண்டும் என்று 82 வயதில் ராபர்ட்ஸ் நவம்பர் மாதக் குளிரில் கடல் தாண்டிப் போனார். சிப்பாய்களோடு இந்துஸ்தானியில் பேசினார். குளிர் தாக்கி நிமோனியா கண்டது. நவம்பர் 14-ந் தேதி செயின்ட் ஓமர் நகரில் உயிர் பிரிந்தது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

காலம் எழுதிய தீர்ப்பு

அவர் தெற்கைப் பற்றி எழுதிய தீர்ப்பு அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதால் தமிழரையும் தெலுங்கரையும் மீண்டும் சேர்த்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் மெசபொடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பாலம் கட்டினார்கள், போரிட்டார்கள். போர் முடிந்ததும் மறுபடி குறைப்பு. 1928-ம் ஆண்டுக்குள் மதராஸ் காலாட்படை அடியோடு கலைக்கப்பட்டது. சாப்பர்கள் மிஞ்சினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ம் ஆண்டில், மதராஸ் ரெஜிமெண்ட் புத்துயிர் பெற்றது. பர்மாப் போர்முனையில் தன் பெயரை நிலைநாட்டியது. இன்று அதன் தலைமையிடம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். ராபர்ட்ஸ் கோடை நாட்களைக் கழித்த உதகைக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர்.

அவர் வளர்த்த சிறு ரைபிள் சங்கம் இப்போது வேறு பெயரில் பிஸ்லியில் இயங்குகிறது. அங்கே அவர் பெயரால் ஒரு மண்டபமும் உண்டு. 2002-ம் ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளின் துப்பாக்கிப் பந்தயங்கள் பிஸ்லியில் நடந்தபோது கட்டப்பட்டது அது. அந்தப் போட்டிகளில் மராட்டியத்தின் அஞ்சலி பகவத் ரைபிளில் நான்கு தங்கம் வென்றார். கர்நாடகத்துச் சிக்கபள்ளாப்பூரில் பிறந்த சுமா ஷிரூர், அஞ்சலியோடு இணைந்து காற்று ரைபிள் இரட்டையர் தங்கத்தைப் பெற்றார்.

வீரம் வடக்கே பிறப்பது, தெற்கே பிறக்காது என்று எழுதியவரின் பெயர் தாங்கிய இடத்தில் தெற்கத்திப் பெண் ஒருத்தி தங்கம் வாங்கினாள். சுட்ட தாளில் புள்ளி எங்கே விழுந்தது என்பது மட்டுமே அங்கே கணக்கு. இங்கிலாந்துத் தொழிலாளிக்காக ராபர்ட்ஸ் ஊர் ஊராகச் சொன்னதும் அதுதான். அதை நம் ஊர்ச் சிப்பாய்க்கும் அவர் சொல்லியிருக்கலாம்.